ஹாரன் மாஸ்டரின் வயிற்றெரிச்சல்

காரில் இருக்கிற ஹாரனை அவர் அழுத்தியதே கிடையாது. தேவைப்படவில்லை. ஓட்டப் பழக வந்தவர் கிளட்சை ஒரு நூல் முன்னதாக விட்டுவிட்டால் போதும், பக்கத்து இருக்கையிலிருந்து எழும்புகிற சத்தத்தில் எதிரே வரும் சைக்கிள்காரர் தானாகவே ஓரம் கட்டிவிடுவார். அதனால்தான் பழக வந்தவர்கள் அவருக்கு ஹாரன் மாஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஆரம்பித்த பெயர் போகப்போக முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. அவருக்கும் அதில் ஒரு பெருமைதான். "கத்தினாத்தான் மண்டையில ஏறும். மண்டையில ஏறினாத்தான் காலுக்கு இறங்கும்" என்பார்.

அவர் தொழில் கற்றுக்கொண்ட விதம் அப்படி. மீசை முளைக்கும் முன்பே லாரியில் கிளீனராக ஏறியவர். அவருக்கு ஸ்டியரிங்கைத் தொட்டுக் காட்டிய டிரைவர் பாதி பாடத்தை வசவாலும் மீதியை அடியாலும் நடத்தினார். பிறகு சொந்தமாக லைசென்ஸ், பல வருஷம் பேருந்து ஓட்டம், இடுப்பு வலி. கடைசியில் இந்த டிரைவிங் ஸ்கூல். இரண்டு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே ஒரே ஒரு அறை. சுவரில் சாலைக் குறிகள் வரைந்த படம், ஒரு மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலில் இரண்டு கார்கள். சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் அந்தக் கார்களில் ஒரு பிரேக்கும் கிளட்சும் உண்டு. உலகத்தில் எத்தனையோ பேர் கார் ஓட்டலாம், ஆனால் அடுத்தவன் ஓட்டும் காரை நிறுத்தும் அதிகாரம் தனக்கு மட்டும்தான் என்று அந்த பிரேக்கின் மேல் கால் வைத்திருக்கும்போதெல்லாம் அவருக்குத் தோன்றும். முதலாளிகூட அவரிடம் கேட்டுத்தான் எதையும் செய்வார்.

இப்படி ராஜாவாக இருந்த இடத்துக்குத்தான் டீச்சர் வந்து சேர்ந்தார்.

மழலையர் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். வீட்டில் அம்மாவும் அவரும் மட்டும். கார் நன்றாக ஓட்டுவார், பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் இருந்தால் நல்லது என்று முதலாளி சேர்த்துக்கொண்டார். ஹாரன் மாஸ்டர் ஆட்சேபிக்கவில்லை. "வரட்டும் பாவம். ரெண்டு மாசத்துல பயந்து ஓடிடும்" என்றார்.

சேர்ந்த புதிதிலேயே ஒரு நாள். மாஸ்டருக்கு நேரம் இல்லாததால் டீச்சரிடம் பழகிய, பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர் காரை உள்ளே எடுக்கும்போது கேட் தூணில் உரசிவிட்டார். பக்கவாட்டுக் கண்ணாடி பெயர்ந்து தரையில் விழுந்தது. சத்தம் கேட்டு ஹாரன் மாஸ்டர் வேட்டைக்குப் புறப்பட்டவர்போல ஓடிவந்தார். பேங்க்காரருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. டீச்சர் மெதுவாகக் கீழே இறங்கி, உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

"கண்ணாடி போச்சு. நாம போகல. வாங்க, இங்கேருந்து ரிவர்ஸ் எடுத்து வெளிய வர்றது எப்படின்னு பார்த்துடலாம்."

அவ்வளவுதான். குரலில் ஒரு ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. முதலாளி வந்து சத்தம் போட்டதற்கும் "ஆமாங்க, நான் இன்னும் கொஞ்சம் முன்னாடியே பிரேக் போட்டிருக்கணும்" என்றார். அதற்கு மேல் திட்ட முதலாளிக்கு வார்த்தை கிடைக்கவில்லை. சுவரில் எறிந்த பந்து திரும்பி வரும். மணல்மேட்டில் எறிந்தால் எப்படி வரும்?

அந்த பேங்க்காரர் தன் மனைவியை அனுப்பினார். அந்த அம்மாள் தன் தங்கையை அனுப்பினார். வருகிறவர்கள் எல்லோரும் மேசைக்கு முன்னால் நின்று ஒரே பல்லவியைப் பாடினார்கள்: "டீச்சர்கிட்டயே போட்டுடுங்க."

முதலில் பெண்கள்தான் கேட்டார்கள். 'சரி, பெண்கள்' என்று மாஸ்டர் மனதைத் தேற்றிக்கொண்டார். அப்புறம் மீசை வைத்த ஒரு கட்டட மேஸ்திரி வந்து, அங்கே உட்கார்ந்திருந்த மாஸ்டரைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "அந்த அக்காவுக்கு நேரம் இருக்குமா?" என்று கேட்ட நாளில்தான் அவர் வயிற்றில் முதல் தீக்குச்சி உரசப்பட்டது.

பொறாமை வந்தவனுக்குப் புத்தி வேகமாக வேலை செய்யும். இரண்டு கார்களில் பழையதை அவர் டீச்சர் தலையில் கட்டினார். அந்தக் காரில் கியர் போடக் கை பலம் வேண்டும், கால் பலம் வேண்டும், கொஞ்சம் கடவுள் அருளும் வேண்டும். டீச்சர் "சரிங்க மாஸ்டர்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். விளைவு என்ன? அந்த முரட்டுக் காரில் பழகியவர்களுக்கு டெஸ்ட் நாளில் புதுக்கார் வெண்ணெயில் கத்தி போனதுபோல் ஓடியது. அத்தனை பேரும் பாஸ். மாஸ்டரின் ஆட்கள் புதுக்காரிலேயே பழகிப் பாதிப் பேர் ஃபெயில். பிறகு, வாயைத் திறந்தால் வண்டை வண்டையாகப் பேசும் ஒரு ஒப்பந்தக்காரரை டீச்சரிடம் தள்ளிவிட்டார். அந்த மனிதர் கடைசி வகுப்பு முடிந்ததும் டீச்சரைக் கும்பிட்டுவிட்டுப் போனார். தன்னிடம் அவர் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை என்பதை மாஸ்டர் குறித்துக்கொண்டார்.

"அது நிதானமெல்லாம் இல்லீங்க. அதுக்கு உணர்ச்சியே கிடையாது. கல்லுக்குக் கோபம் வருமா?" என்று எதிர்க்கடையில் டீ குடிக்கும்போது சொல்லுவார். டீக்கடைக்காரர், "கல்லா இருந்தாலும் நல்லாத்தான் சொல்லிக்குடுக்குது மாஸ்டர். என் மச்சினனே அங்கதான் பழகுறான்" என்பார். மாஸ்டர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். வீட்டிலேயே ஒரு வெடி காத்திருந்தது.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. கணக்காகப் பேசுவார், பேசினால் மாத்திரைபோல் அளவாக இருக்கும், கசக்கவும் செய்யும். ஒரு நாள் காலை, டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "என்னங்க, நான் கார் ஓட்டப் பழகப்போறேன்" என்றார்.

மாஸ்டருக்குச் சந்தோஷம். "அதுக்கென்ன, நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்!"

"டீச்சர்கிட்ட பேசிட்டேன். திங்கட்கிழமை வரச் சொன்னாங்க."

மாஸ்டர் வாயில் வைத்த கவளத்தை மெல்லவே மறந்துபோனார்.

கல்யாணமான புதிதில் அவர் மனைவிக்குக் கார் சொல்லிக்கொடுக்க முயன்றது உண்டு. ஒரு வெட்டவெளி மைதானம். இடதுபக்கம் திருப்பச் சொன்னால் வலதுபக்கம் திருப்பிவிட்டார். மாஸ்டர் போட்ட சத்தத்தில் மைதானத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. மனைவி என்ஜினை அணைத்தார், சாவியை உருவினார், அதை மாஸ்டரின் சட்டைப் பையில் போட்டார், கதவைத் திறந்து வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழுந்ததில்லை.

"ஊரே எங்கிட்ட கத்துக்குது. எம் பொண்டாட்டி அடுத்தவங்ககிட்ட போனா ஊரு சிரிக்காதா?"

"ஊரும் இப்போ அவங்ககிட்டதாங்க கத்துக்குது" என்று சொல்லிவிட்டு மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

திங்கட்கிழமை முதல் மாஸ்டருக்கு நரகம் ஆரம்பித்தது. தன் காரில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, எதிரே பழைய கார் வருகிறதா என்று கண் தேடும். வந்தால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மனைவி சிரித்துக்கொண்டிருப்பார். வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் ஊற்றுவதுபோல் ஒவ்வொரு வாய்க்கும் டீச்சர் புகழ் வந்து விழுந்தது. "இன்னைக்கு நடுரோட்டுல வண்டி நின்னுடுச்சுங்க. பின்னாடி ஒரே ஹாரன். டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா? 'அவங்க அவங்க வேலையைப் பார்க்கிறாங்க, நாம நம்ம சாவியைத் திருப்புவோம்'னாங்க." மாஸ்டர் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்.

மனைவி வாரம் ஒரு நாள் சமுதாயக் கூடத்தில் நடக்கும் வகுப்புக்குப் போவார். தத்துவப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அங்கே பேசுவார். கூட்டிவரப் போன மாஸ்டர் ஒரு நாள் சீக்கிரம் போய்விட்டதால் கடைசி வரிசையில் உட்கார வேண்டியதாயிற்று. பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார்.

"ஸ்திதப்பிரக்ஞன்னு சொல்றோம். அறிவு ஒரே இடத்துல நிலைச்சு நின்னுட்டவன். கிடைச்சதுக்குத் துள்ள மாட்டான், போனதுக்குத் துவள மாட்டான். ஆசை, பயம், கோபம் எல்லாம் அவன் வாசல் வரைக்கும் வரும், ஆனா வீட்டுச் சாவி அதுங்க கையில இருக்காது. கிணத்துல வாளி விழுந்தா மேல தண்ணி அலைபாயும். அடித்தண்ணிக்கு வாளி விழுந்த சேதியே போகாது. அந்த ஆழம்தான் அவன். இவன் காட்டுலதான் இருக்கணும்னு இல்ல. சந்தையில இருக்கலாம், ஆபீஸ்ல இருக்கலாம்." பிறகு விளையாட்டாகக் கேட்டார்: "உங்கள்ல யாராவது அப்படி ஒருத்தரைப் பார்த்திருக்கீங்களா?"

மூன்றாவது வரிசையில் ஒரு கை எழுந்தது. மாஸ்டருக்கு அந்தக் கையையும் அதிலிருந்த வளையலையும் நன்றாகத் தெரியும்.

"நான் பார்த்திருக்கேன் ஐயா" என்றார் அவர் மனைவி.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்தார். அந்த அசட்டுத்தனத்தை நினைத்து அவர் பிற்பாடு பலமுறை கூசியிருக்கிறார்.

"எங்க வீட்டுக்காரர் வேலை பார்க்கிற டிரைவிங் ஸ்கூல்ல ஒரு டீச்சர் இருக்காங்க..."

திரும்பி வரும் வழியெல்லாம் மாஸ்டர் மனசுக்குள் பொருமினார். அடுத்தவளுக்கு வேலை தெரிகிறது என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அழகு, பணம், படிப்பு என்றாலும், 'அது அவள் தலையெழுத்து' என்று விட்டுவிடலாம். மனசு நிம்மதியாக இருக்கிறது என்பதை எப்படிப் பொறுப்பது? அதை வாங்கவும் முடியாது, திருடவும் முடியாது, கெடுக்கவும் முடியவில்லை. அன்று அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அவள் என்ன பெரிய திதப்பிரக்கினி? நான் ஆகிக் காட்டுகிறேன். சர்வீஸில் சீனியர் நான்தானே?

மறுநாள் முதல் ஹாரன் மாஸ்டர் கத்துவதை நிறுத்தினார். வாயில் ஒரு ஏலக்காயை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பழகுகிறவர் தப்பு செய்தால் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல" என்றார். அந்தப் 'பரவால்ல' அவர் வாயிலிருந்து வரும்போது, கொலை மிரட்டல்போல் இருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, காது சிவந்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், "மாஸ்டர், உடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று கேட்டாள். இன்னொருவர் காரை ஓரம் கட்டியே விட்டார். "நீங்க பேசாம இருந்தா பயமா இருக்கு மாஸ்டர். ஒரு தடவை கத்திடுங்க. நிம்மதியா ஓட்டுறேன்."

இதில் இன்னொரு சங்கடம். தான் நிதானமாக இருப்பதை டீச்சர் கவனிக்கிறாரா என்று அவர் நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. டீச்சர் கவனித்ததாகத் தெரியவில்லை. தன் சாந்தத்தைப் பார்க்காமல் அவள் தன் பாட்டுக்குச் சாந்தமாக இருக்கிறாளே என்று அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

அடக்கியது எங்கேயாவது வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அந்த வாரக் கடைசியில் சமையலறைக் குழாய் சொட்டியது. மாஸ்டர் அதன் முன்னால் நின்று, லாரி காலத்து வசவுகள் ஒன்று விடாமல் அந்தக் குழாயைப் பார்த்துக் கொட்டித் தீர்த்தார். மனைவி வாசலில் வந்து நின்று, "குழாய் என்னங்க பண்ணுச்சு?" என்று கேட்டார். அதோடு மாஸ்டரின் தவம் கலைந்தது. திங்கட்கிழமை பழையபடி ஹாரன் ஒலித்தது. பழகுகிறவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி இன்னொரு பேட்டையில் கிளை திறக்கப்போவதாகச் சொன்னார். அதை முழுப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சரைப் போடலாம்னு ஒரு யோசனை. நீங்க என்ன சொல்றீங்க மாஸ்டர்?" என்று கேட்டார்.

தன்னைப் போடுகிற யோசனை முதலாளிக்கு வரவே இல்லை என்பதை மாஸ்டர் விழுங்கிக்கொண்டார். பிறகு, கெடுதல் சொல்லத் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வதுபோல், புகழ்ச்சியிலிருந்து ஆரம்பித்தார்.

"தங்கமான பொண்ணுங்க. குறையே சொல்ல முடியாது. என்ன, ரொம்ப மெத்தனம். அவசரத்துக்கு பிரேக்ல கால் வைக்குதான்னே எனக்குச் சந்தேகம். ஒரு இடத்தையே நம்பி ஒப்படைக்கிறதுன்னா... நீங்க யோசிச்சுக்குங்க. எனக்கெதுக்கு வம்பு?"

முதலாளி யோசித்தார். யோசித்து, தன் மச்சானைக் கிளைக்குப் போட்டார். அந்த மனிதருக்கு டயருக்கும் டியூபுக்கும் வித்தியாசம் தெரியாது.

தன் மூக்கு அறுந்தாலும் பரவாயில்லை, எதிரிக்குச் சகுனம் கெட்டால் சரி என்று இருப்பவர்கள் உண்டு. மாஸ்டரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, சேதியைத் தானே போய் டீச்சரிடம் சொன்னார். அந்த முகத்தில் ஒரு சுருக்கம், ஒரு வாட்டம், ஒரு சின்னக் கீறல் பார்த்துவிட வேண்டும். அது போதும் அவருக்கு.

டீச்சர் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழக வந்த ஒருவர் பக்கத்தில் காத்து நின்றார். ஒரு கணம் துணி நின்றது. "சரிங்க மாஸ்டர்" என்றார். "இவருக்கு இன்னைக்கு ஏத்தத்துல வண்டி எடுக்கச் சொல்லித்தரணும். வரட்டுமா?"

மாஸ்டருக்கு மூக்கும் போயிற்று, சகுனமும் கெடவில்லை. அடுத்த வாரம் முதல் டீச்சர் காலை வகுப்புகளை விட்டு மதியத்துக்கு மாறிக்கொண்டார். 'யாராவது மதியம் வரச் சொல்லிக் கேட்டிருப்பார்கள், இந்தப் பொதுநலவாதி ஒத்துக்கொண்டிருப்பாள்' என்று மாஸ்டர் அதற்கும் எரிந்தார்.

சில மாதம் கழித்து மாஸ்டரின் கார் பழுதாகி ஒர்க் ஷாப்பில் நின்றது. டெஸ்ட் மைதானத்துக்குப் போக வேண்டிய காரியம். அவர் டீச்சரின் காரில் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். ஓட்டியவர் டீச்சரிடம் பழகும் ஒரு பல் டாக்டர். பெரிய கடைகளின் கிடங்கு வாசல்கள் வரிசையாக இருக்கும் ஒரு சந்தில் கார் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு லாரி, பின்பக்கம் யாரும் பார்க்காமல், ரிவர்ஸில் வெளியே வந்தது. டாக்டர் பதறி பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார்.

மாஸ்டருக்குக் கத்தக்கூட வாய் வரவில்லை. லாரியின் பின்பலகை கண்ணாடி முழுக்கப் பெரிதாகிக்கொண்டே வந்தது. டீச்சரின் கால் பிரேக்கில் இறங்கியது, கை ஸ்டியரிங்கை ஒரு பக்கம் இழுத்தது. கார் உறுமி, குலுங்கி, லாரிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"வண்டி நின்னுடுச்சு டாக்டர். கையை எடுத்துடுங்க. மூச்சு விடுங்க. கால் பெடல் மாறிடுச்சு. எல்லாருக்கும் ஒரு தடவை மாறும்."

அதே குரல். டாக்டருக்கு உடம்பெல்லாம் வேர்த்து ஒழுகியது. மாஸ்டர் ஒன்றைப் பார்த்துவிட்டார். கதவோரமாக, டாக்டர் கண்ணில் படாமல், டீச்சரின் இன்னொரு கை இருக்கையின் விளிம்பைப் பிடித்திருந்தது. விரல்கள் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. முழங்காலும் ஆடியது.

உயிர் பிழைத்த சந்தோஷத்தைவிட அந்தச் சந்தோஷம்தான் மாஸ்டருக்குப் பெரிதாக இருந்தது. மாட்டிக்கிட்டா! அத்தனையும் வேஷம்! அன்று அவர் வீட்டுப் படியை இரண்டு இரண்டாக ஏறினார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"உன் திதப்பிரக்கினிக்கு இன்னைக்குக் கை நடுங்குச்சு தெரியுமா? எங்கண்ணால பார்த்தேன். கால் தந்தி அடிச்சுது!"

மனைவி நடந்ததைக் கேட்டார். யாருக்கும் அடி இல்லையே என்று உறுதி செய்துகொண்டார். பிறகு அடுத்த துணியை எடுத்து உதறினார்.

"நடுங்கும். எனக்குத் தெரியுமே."

"தெரியுமா?"

"பக்கத்துலதானே உட்கார்றேன். நான் ஒருநாள் நாயை இடிக்கப் போயிட்டேன். அன்னைக்கும் நடுங்குச்சு. அவங்களே சொன்னாங்க, பயந்துட்டேன்னு."

"அப்போ கூட்டத்துல கையைத் தூக்கி என்னென்னமோ சொன்னியே?"

"நடுங்காதவங்கன்னு நான் சொல்லலைங்க. நடுக்கத்தை என் தலையில கொட்டாதவங்கன்னு சொன்னேன்." பிறகு மாத்திரை எண்ணிக் கொடுப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "உங்களுக்கு அவங்க மேல பொறாமை."

"எனக்கா? அவகிட்ட அப்படி என்ன இருக்குன்னு..."

"என்ன இருக்குன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். அதான் பொறாமை. முதலாளிகிட்ட நீங்க சொன்னது அவங்களுக்கும் தெரியும்."

மாஸ்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "யாரு சொன்னது?"

"முதலாளியேதான். மறுநாளே சொல்லிட்டாராம், மாஸ்டர் இப்படிச் சொன்னாருன்னு. ஏன் மதியத்துக்கு மாறிட்டீங்கன்னு நான் துளைச்சுக் கேட்டப்புறம்தான் எங்கிட்டயே சொன்னாங்க."

இத்தனை மாதம்! தினமும் சாவி கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒரே வாளித் தண்ணீரில் கார் கழுவியிருக்கிறார்கள். ஒரு சொல், ஒரு ஜாடை கிடையாது. மாஸ்டருக்கு வெட்கமா என்று கேட்டால், வெட்கம்தான். அதற்கு அடியிலும் பொறாமைதான் கிடந்தது. தான் ஒரு சொல்லை அரை நாள் வயிற்றில் வைத்திருக்க முடியாதவர். அவளால் எப்படி முடிந்தது?

மனைவிக்கு டெஸ்ட் நாள் வந்தது. மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி. உள்ளே அதிகாரி ஒருவர் மட்டும் நிற்பார், சொல்லிக்கொடுத்தவர்கள் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஒரு பக்கம் மாஸ்டர், இரண்டு முழம் தள்ளி டீச்சர். உள்ளே மனைவி காரை வளைத்து வளைத்துப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். மாஸ்டரின் தொண்டை வரை சத்தம் வந்து வந்து போயிற்று. வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு முதலாளிகிட்ட நான் பேசினது..." என்று ஆரம்பித்தார்.

டீச்சர் காரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் மாஸ்டர்."

"ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேக்கணும்னுதான் இருந்துச்சு. அன்னைக்கு வீட்டுக்குப் போய் அம்மா மடியில படுத்து அழுதேன். ரொம்ப நாளைக்கு உங்க மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கல. அதான் மதியத்துக்கு மாறினேன்."

மாஸ்டருக்கு இது கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அதே சமயம், சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த ஒரு கல்லும் லேசாக நகர்ந்தது. "கோபம் வருமா உங்களுக்கு?"

"ஏன் வராது? நான் என்ன கல்லா?"

டீக்கடைப் பேச்சும் எட்டிவிட்டது என்று மாஸ்டருக்குப் புரிந்தது.

"வருது மாஸ்டர். கோபம் வருது, பயம் வருது, அழுகையும் வருது. வந்தா வரட்டும்னு விட்டுடுவேன். அதுங்களோட மல்லுக்கு நின்னா ரோட்டை யார் பார்க்கிறது? சின்னப் பசங்களுக்குப் பாடம் எடுத்தேன்ல, ஒரு கிளாஸே சேர்ந்து அழும். நானும் கூடச் சேர்ந்து அழுதா கதவை யாரு திறக்கிறது?" பிறகு, "நீங்க சொன்னதுல கோபம் இன்னும் மிச்சம் இருக்கு. பொய் சொல்லக்கூடாது பாருங்க" என்றார். அதையும் அதே குரலில்தான் சொன்னார்.

மாஸ்டருக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. அந்த வார்த்தை அவர் வாய்க்குப் பழக்கமில்லாத வார்த்தை. "புதுக்காரை நாளையிலேருந்து நீங்க எடுத்துக்குங்க டீச்சர்" என்றார். அதுவரை அவர் டீச்சரை 'ஏம்மா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"பழசே இருக்கட்டும். அதுல பழகினாத்தான் பாஸ் ஆகுறாங்க" என்றார் டீச்சர். மாஸ்டர் சிரித்தாரா, முனகினாரா என்று அவருக்கே தெரியவில்லை.

உள்ளே கார் ஏற்றத்தில் நின்றுபோனது. மாஸ்டரின் வாய் திறந்தது. டீச்சர் திரும்பிப் பார்க்கவுமில்லை, தடுக்கவுமில்லை. மாஸ்டர் தானாகவே வாயை மூடிக்கொண்டார். கார் மறுபடி உறுமி, ஒரு அங்குலம்கூடப் பின்னால் சரியாமல், மேலே ஏறியது. அதிகாரி தலையசைத்தார்.

மனைவி வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். ஓடிவந்து, மாஸ்டரைத் தாண்டிப் போய், டீச்சரைக் கட்டிக்கொண்டார். மாஸ்டர் இரண்டு கையையும் நீட்டியபடி நின்றது அங்கிருந்த நாலு பேருக்குத் தெரியும். சுருக்கென்று குத்தியது. மெதுவாகக் கையை இறக்கிச் சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தார். அப்புறம்தான் மனைவி அவரிடம் வந்து, கண் கலங்க, "பார்த்தீங்களா?" என்றார். "பார்த்தேன், பார்த்தேன். மூணாவது வளைவுல கொஞ்சம் அகலமா எடுத்துட்டே" என்றார் மாஸ்டர். பிறகு அவசரமாக, "நல்லா ஓட்டினே" என்று சேர்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் சாந்தசொரூபியாகிவிட்டார் என்று சொன்னால் அது பொய். கத்துவது கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். யாராவது வந்து "டீச்சர்கிட்ட" என்று கேட்டால் வயிறு இன்னும் எரியும். முன்புபோல் அதை ஊதி ஊதிப் பெரிதாக்கவில்லை. எரிந்து, தானாகவே அணைந்துவிடும். டீச்சரும் கொஞ்ச நாளில் காலை வகுப்புகளுக்குத் திரும்பி வந்தார். மிச்சக் கோபம் என்ன ஆயிற்று என்று மாஸ்டர் கேட்கவில்லை.

சில வருஷம் கழித்து முதலாளி ஒரு இளைஞனைச் சேர்த்தார். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், காரில் பாட்டுப் போடுவான். வருகிறவர்கள் எல்லோரும் இப்போது "அந்தத் தம்பிகிட்ட" என்று கேட்க ஆரம்பித்தார்கள். டீச்சரின் நேரப் பலகையில் காலி இடங்கள் தெரிந்தன. மாஸ்டர் அதை ஒரு வாரம் பார்த்தார். பழைய காலமாக இருந்தால் டீக்கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்திருப்பார்.

"உங்களுக்குப் பொறாமையா இல்லையா டீச்சர்?" என்று கேட்டார்.

டீச்சர் யோசித்தார். "இருக்கு மாஸ்டர். காலையில எழுந்ததும் கொஞ்சம் அதிகமா இருக்கு" என்றார். சொல்லிவிட்டு, வந்திருந்த ஒரே ஒரு அம்மாளைக் கூட்டிக்கொண்டு காருக்குப் போனார்.

மாஸ்டர் நேராக முதலாளி மேசைக்குப் போனார். அன்று அந்த ஒற்றை அறையில் எழுந்த சத்தம் இரண்டாவது மாடி வரை கேட்டது என்று அங்கே குடியிருந்தவர்கள் சொன்னார்கள். "வர்றவங்களைச் சமமாப் பிரிச்சுப் போட முடியாதா? ஒரு காயம் இல்லாம ஊருக்கே ஓட்டக் கத்துக்குடுத்தவங்க அவங்க! பாட்டுப் போட்டா பிரேக் பிடிக்குமா?" முதலாளி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். அந்த இளைஞன் வெளியே போய் நின்றுகொண்டான்.

டீச்சர் காரை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "எனக்காகவா கத்துறீங்க மாஸ்டர்? எதுக்கு?"

"நீங்க கத்த மாட்டீங்க. யாராச்சும் கத்தணும்ல" என்றார் மாஸ்டர், மூச்சு வாங்கியபடி.

"தண்ணி குடிங்க முதல்ல" என்று டீச்சர் தன் பாட்டிலை நீட்டினார். மாஸ்டர் வாங்கிக் குடித்தார். அடுத்த வாரத்திலிருந்து பலகை மூன்று பேருக்கும் சமமாகப் பிரிந்தது.